உற்றார் வரிசையில் ஒரு பெயர்

கரமனை, திருவனந்தபுரம்
17 பிப்ரவரி 2025

அன்பு மக்களே ரெனி,

தென்கோடி நாளிதழின் நாகர்கோவில் அலுவலகத்தில் உதவி ஆசிரியை நாற்காலியில் வீற்றிருக்கும் என் உடன்பிறந்தாள் மகளுக்கு, சாலைச் சந்தையின் அத்தனை தெருக்களுக்கும் அவற்றுக்கு இடைப்பட்ட சந்துகளுக்கும் முடிசூடாத, தலையில் முடியும் இல்லாத மன்னன் ராஜமணி மாமா எழுதுவது.

முதலில் ஒரு மன்னிப்பு. ஒரே நாளில் உனக்கு நாற்பத்து மூன்று வாட்ஸாப் அனுப்பியது என் பிழைதான். "இனி போனில் வராதீர்கள், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி ஹாஸ்டல் முகவரிக்கு அனுப்புங்கள், எழுதுவதற்குள் பாதி அடங்கிவிடும்" என்று நீ போட்ட தண்டனையைத் தலைவணங்கி ஏற்கிறேன். அடங்கவில்லை என்பது வேறு விஷயம்.

செய்தி இதுதான். உங்கள் பத்திரிகை சாலைப் பகுதிக்குப் பகுதி நேர நிருபர் தேடுகிறது என்ற விளம்பரம் பார்த்தேன். பார்த்த வேகத்தில் தேநீர்க் குவளை கையிலிருந்து பறந்து கிழக்கேகோட்டை கடிகாரத்தில் மோதி, கடிகாரம் அரை மணி நேரம் பின்னால் ஓடியது. விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். கல்வித் தகுதி என்ற இடத்தில், கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடையில் முப்பத்து நாலு வருடம் நின்ற அனுபவம் என்று எழுதினேன். ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகிறது. மாமி என்னை வீட்டில் வைத்துப் பார்த்துப் பார்த்து, மேஜையைத் துடைப்பதுபோல் என்னையும் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

விளையாட்டு இல்லை மக்களே. பத்தொன்பது வயதில் ஒரு பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன். திரும்பி வந்தது. பிறகு கடை. ஒரே ஒரு முறையாவது நான் எழுதியது அச்சில் வந்து, அதை நாலு பேர் நம்பிப் படிக்க வேண்டும். பெயர்கூடப் போட வேண்டாம்.

சிபாரிசு கேட்கவில்லை. கொஞ்சம் கேட்கிறேன்.

இங்ஙனம்,
வருங்கால நிருபர் திலகம்
ராஜமணி


நாகர்கோவில்
21 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமா,

உங்கள் விண்ணப்பம் வந்தது. செய்தி ஆசிரியர் நாகேஸ்வரன் சார் அதை வாசித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று எனக்குத் தெரியவில்லை. மார்ச் மாதம் முழுவதும் சோதனை. உங்களுக்கும், அஜின் என்று இதழியல் படித்த ஒரு பையனுக்கும். இரண்டு பேரில் ஒருவருக்கு அடையாள அட்டை.

வேலை என்னவென்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அரசியல் இல்லை, கொலை இல்லை. மரணம்தான். மலையாளப் பத்திரிகைகளில் தினமும் சரமம் என்று ஒரு பக்கம் வருகிறதே, இறந்தவர் யாராக இருந்தாலும் போட்டோவோடு நாலு வரி, இலவசமாக. கேரளத்தில் பாதிப் பேர் முதலில் திறப்பது அந்தப் பக்கம்தான். அதைப்போலத் திருவனந்தபுரம் தமிழர்களுக்கு நாமும் தொடங்குகிறோம். அந்தப் பக்கம் என் பொறுப்பு. இரண்டு வருடம் தேங்காய் விலை, ரப்பர் விலை டைப் செய்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் பக்கம் இது.

படிவம் இப்படி: பெயர், வயது, வீட்டுப் பெயர், தொழில், உற்றார், அடக்கம் நடக்கும் இடமும் நேரமும். உற்றார் என்றால் மனைவி அல்லது கணவர், மக்கள், மருமக்கள். அவ்வளவுதான். "சந்தையே அழுதது" கிடையாது. மேகம் கறுக்கக் கூடாது. காகம்கூடக் கரையக் கூடாது.

இரண்டு நிபந்தனைகள். நீங்கள் என் மாமா என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம். அடுத்தது நாகேஸ்வரன் சார் வைத்தது: சோதனை மாதத்தில் ஒருவர் கொடுத்த செய்திக்குத் திருத்தம் போட வேண்டி வந்தால் அவருக்கு அட்டை இல்லை. காரணம் கேட்க மாட்டார்.

மாமா, உங்களை எனக்குத் தெரியும். என் அம்மாவின் கல்யாணத்துக்கு மூன்று யானை வந்தது என்று எட்டு வயதுவரை நம்பியிருந்தேன். வந்தது ஒரு வாடகை ஜீப். கயிற்றுக் கடையில் நின்றவர் கயிறு திரிக்காமல் இருப்பாரா என்று அம்மா சொல்வாள். இந்த ஒரு மாதம் திரிக்காதீர்கள்.

ரெனி


கரமனை
8 மார்ச் 2025

அன்பு மக்களே,

பெண்கள் தெருவெல்லாம் செங்கல் அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் பொங்காலைக்கு இன்னும் ஐந்து நாள். சாலையில் இறங்கியிருக்கும் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கினால் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வரும் கப்பல் தட்டி நிற்கும். செங்கல்லைக் கொண்டு பொன்முடிக்கு இன்னொரு பாதை போடலாம், கொண்டை ஊசி வளைவுகள் உட்பட. இதைச் செய்தியாக அனுப்பியிருந்தேன். நீ குப்பையில் போட்டாய். போகட்டும், குப்பைத் தொட்டிக்கும் இலக்கியம் வேண்டாமா.

ஏழு மரணங்கள் அச்சில் வந்துவிட்டன. நான் பூக்கடை மொத்த வியாபாரிக்கு முப்பத்து நாலு வரி எழுதினேன், நாலு வரி வந்தது. முப்பது வரியை வெட்டிய கை ஓர் இளம்பெண்ணின் கை என்று நினைக்கும்போது, கசாப்புக்கடைக்காரர்கள் மேல் எனக்கு இருந்த பயமே போய்விட்டது.

இருந்தாலும் இந்த வேலை லேசானது இல்லை, கேட்டுக்கொள். நேற்று ஒரு வீட்டுக்குப் போனேன். படிவத்தை எடுத்து, "மருமக்கள் பேர் சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

"மூத்தவ நான்தான். என் பேரை முதல்ல போடணும்" என்றாள் ஒருத்தி.

"கடைசி ஆறு மாசம் மாமனாருக்குக் கஞ்சி கொடுத்தது யாருன்னு எழுதுவீங்களா?" என்றாள் இன்னொருத்தி.

"கஞ்சிக்கெல்லாம் படிவத்துல இடம் இல்ல அம்மா."

"அப்ப என்னத்துக்கு சார் இந்தப் படிவம்?"

பிறகு போட்டோ கேட்டேன். எண்பது வயதில் இறந்தவருக்கு, கறுப்புக் கண்ணாடி போட்டு ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கும் முப்பது வயதுப் படம் கொடுத்தார்கள். "இது பழசாச்சே" என்றால், "அப்பாவுக்கு இதுதான் பிடிக்கும் சார், உள்ளதாக்கும்" என்கிறான் மகன். அச்சில் பார்த்தாயே, பக்கத்திலேயே அழகர் அவர்தான்.

அஜின் மோட்டார் சைக்கிளில் வருகிறான். ஆறே நிமிடம். போட்டோ எடுக்கிறான், போய்விடுகிறான். எனக்கு ஒரு வீட்டில் ஒன்றே கால் மணி நேரமும் மூன்று டீயும் ஆகிறது. வேகத்தில் அவன் முயல். நான் ஆமைகூட இல்லை, ஆமை உட்கார்ந்திருக்கும் பாறை. ஆனால் இதுவரை திருத்தம் எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை.

இங்ஙனம்,
மரணத் துறையின் மாண்புமிகு மந்திரி
ராஜமணி


நாகர்கோவில்
11 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

பானையைப் பற்றிய செய்தி குப்பைக்குப் போனது சரி. மற்றொன்று சரியில்லை.

நேற்று ஜவுளிக்கடைப் பங்குதாரர் மரணத்தில், "நாற்பது ஆண்டு ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் சேர்ந்து தொழில் நடத்திய பங்காளி" என்று ஒருவரை எழுதியிருந்தீர்கள். அழகாக இருந்தது. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். நல்லவேளை பக்கத்து மேஜை லிஜோ போன் போட்டுக் கேட்டான். இரண்டு பேருக்கும் வஞ்சியூர் கோர்ட்டில் ஒன்பது வருடமாக வழக்கு. அது அச்சில் வந்திருந்தால் உங்கள் அட்டையும் போயிருக்கும், என் பக்கமும் போயிருக்கும்.

யார் சொன்னார்கள் உங்களுக்கு? யாரும் சொல்லவில்லை, இல்லையா? அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று நீங்களே எழுதினீர்கள்.

ஒரு பக்கத்தை முடிக்க எனக்கு நாற்பது நிமிடம். இனி போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உங்களிடமிருந்து வருவதில் இப்படி மணக்கும் வரி எது இருந்தாலும் கேட்காமல் வெட்டுவேன். கோபப்படாதீர்கள்.

ஐந்தாவது செய்தியில் ஒரு சொல்லும் வெட்டவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ரெனி


கரமனை
18 மார்ச் 2025

ரெனி,

நேற்றைய பக்கத்தில் இரண்டாவது பத்தியில் வந்தது இது:

"பிச்சைக்கனி (68). சாலை. கைவண்டித் தொழிலாளி. மகன்: மகேஷ்குமார். அடக்கம் நடந்தது."

நான் அனுப்பியதில் மகன் பெயருக்குப் பிறகு ஒரு வரி இருந்தது. "கூட்டாளி: சுவாமிதாஸ். முப்பத்தோரு ஆண்டு ஒரே கைவண்டியை முன்னும் பின்னுமாக இருவரும் ஓட்டினர். ஒரே அறையில் வாழ்ந்தனர்." அதை நீ வெட்டினாய்.

நடந்ததைச் சொல்கிறேன். பொங்காலைச் செங்கல் சுமந்து முடித்த மூன்றாம் நாள் காலை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே பிச்சைக்கனி சாய்ந்துவிட்டார். திசையன்விளைப் பக்கத்துக்காரர். மனைவி இறந்து பதினைந்து வருடம். மகன் திருப்பூரிலிருந்து மறுநாள் வந்து சேர்ந்தான். தைக்காடு மயானத்தில் எழுதிக்கொள்கிறவர் மகனிடம் பெயர் கேட்டு எழுதினார். பிறகு, பக்கத்தில் தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சுவாமிதாஸைப் பார்த்து, "நிங்ஙள் ஆரா?" என்று கேட்டார். சுவாமிதாஸ் வாயைத் திறந்தார், மூடினார். தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

திரும்பி வரும் வழியில் என் சட்டைக் கையைப் பிடித்தார். "நீரு பேப்பர்ல எழுதுறீராமே. அவனுக்க பேருக்குக் கீழ எனக்க பேரையும் போடுவீரா?"

"என்னன்னு போடணும்?"

"அதுதான் எனக்கும் தெரியல வேய். நீரு எழுதினா அதுக்கு ஒரு பேரு வந்துரும்லா."

அவர்கள் தங்கியிருந்த அறைக்குப் போனேன். பழைய தேங்காய்நார்ச் சரக்குக் கிட்டங்கியின் மாடி. வீட்டுப் பெயர் என்ன என்றால், வீடு இருந்தால்தானே பேரு என்றார். கூட வண்டி இழுக்கிறவர்களிடம் தனியாகக் கேட்டேன். டீக்கடையில் கேட்டேன். முப்பத்தோரு வருடம் என்று எல்லாரும் ஒரே கணக்கைச் சொன்னார்கள். "ஒரு நாளும் பிரியாத" என்று எழுதி, நானே அடித்தேன். சுவாமிதாஸ் ஒரு முறை அம்மை வந்து பத்து நாள் ஊருக்குப் போயிருக்கிறார்.

நேற்றுக் காலை டீக்கடையில் பத்திரிகையை நான்தான் அவருக்கு வாசித்தேன். நான் முடித்த பிறகும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது என்பதுபோல.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

"சரி."

மரணச் செய்தி இரண்டாம் முறை வராது. திருத்தம் போடச் சொல்.

ராஜமணி


நாகர்கோவில்
22 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. நான் மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

உங்கள் செய்தி வந்தபோது மணி ஆறு ஐம்பது. ஏழு மணிக்குப் பக்கம் போக வேண்டும். "முப்பத்தோரு ஆண்டு" என்று பார்த்ததும், ஒரு வாரத்துக்கு முன் வந்த அந்த நாற்பது வருடப் பங்காளிதான் ஞாபகம் வந்தார். அதே ஆள், அதே சந்தை, அதே மாதிரி வரி. வெட்டிவிட்டேன். வெட்டுவேன் என்று முன்பே சொல்லியும் இருந்தேன்.

தவிர, கூட்டாளி என்பது உற்றாரில் வராது மாமா. இன்று இவருக்குப் போட்டால் நாளை சீட்டாட்டக் கூட்டாளி, கோயில் கமிட்டிக் கூட்டாளி எல்லாம் வருவார்கள். நாகேஸ்வரன் சார் முதலில் கேட்கப் போவது அதைத்தான். அடுத்து, இதை எழுதியது யார் என்று கேட்பார். நீங்கள் என்றதும் முழுவதும் பொய் என்று முடிவு கட்டுவார். உங்கள் விண்ணப்பத்தை அவர் இன்னும் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார்.

மாதம் முடிய ஒன்பது நாள். அஜினுக்கு ஒரு செய்தியில் வயது தப்பி, அச்சுக்கு முன் பிடிபட்டது. உங்களுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. அட்டை அநேகமாக உங்களுக்குத்தான். திருத்தம் போட்டால் இல்லை. இதை யோசித்துத்தான் கேட்கிறீர்களா?

அந்தப் பெரியவர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா?

ரெனி


கரமனை
25 மார்ச் 2025

ரெனி,

உன் கடைசிக் கேள்விக்கு நான் பதில் எழுதுவதற்கு முன்பே நீ பதிலைத் தேடி வந்துவிட்டுப் போயிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் வந்து, சாலையில் இரண்டு டீக்கடையிலும் வண்டி நிறுத்தத்திலும் விசாரித்துவிட்டு, மதியமே போய்விட்டாய். "கண்ணாடி போட்ட பெண்பிள்ள ஒண்ணு, நாகர்கோயில் பேச்சு, கேள்வியாட்டுக் கேட்டுது சேட்டா, போலீஸோ?" என்று டீக்கடைக்காரர் என்னிடம் கேட்டார். என் அக்கா மகள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லக் கூடாது என்பது உன் நிபந்தனையாயிற்றே. தெரியாது என்றேன்.

வீட்டுக்கு வரவில்லை. டீக்கடையிலிருந்து இருபது நிமிட நடை. மாமி அன்றைக்குச் சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். இருந்து ஒரு வாய் தின்றுவிட்டு என்னைச் சந்தேகப்பட்டிருக்கலாம்.

கோபம் இருக்கிறது. மூன்று நாளாக அந்தக் கோபத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பிடிக்க ஒரு கைப்பிடி கிடைக்கவில்லை. ஜவுளிக்கடைப் பங்காளியை எழுதியது நான். யானையை விட்டதும் நான். உன் இடத்தில் நான் இருந்தால், ராஜமணி என்ற பெயருக்குக் கீழே வரும் தேதியைக்கூட நம்பியிருக்க மாட்டேன்.

யோசித்துத்தான் கேட்கிறேன். சுவாமிதாஸ் வேண்டாம் என்றுதான் சொல்கிறார். "விடும் வேய், உமக்க கார்டு போயிரும்னு சொன்னாவ." யார் சொன்னார்களோ. சாலையில் ரகசியம் என்பது ஒலிபெருக்கியில் சொல்லாத செய்தி. நான் விட மாட்டேன். மகன் மகேஷ்குமாரிடமும் போனில் கேட்டேன். "போடுங்க சார். அப்பாவுக்கு என்ன மருந்துன்னு எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்" என்றான்.

அட்டையை அஜினுக்குக் கொடுத்துவிடுங்கள். பையன் கெட்டிக்காரன். திருத்தத்தைப் போடு.

ராஜமணி


நாகர்கோவில்
31 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

வீட்டுக்கு வராதது தப்புதான். வந்திருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்து நம்பிவிடுவேன். நம்பிவிட்டு விசாரிக்க எனக்குத் தெரியாது.

நான் சுவாமிதாஸையும் பார்த்தேன். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். கைவண்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்து, பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் இழுக்க ஆள் இல்லாததால் ஒரு வாரமாக வண்டி ஓடவில்லை. எத்தனை வருடம் சேர்ந்து வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். வருடத்தைச் சொல்லவில்லை. "அவன் முன்னால இழுப்பான், நான் பின்னால தள்ளுவேன். இந்த ஊர்ல அவனுக்க முதுகைத் தவிர வேற எதையும் நான் சரியாட்டுப் பாத்ததில்ல மக்களே" என்றார். நான் வெட்டிய வரி உண்மையைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நாகேஸ்வரன் சாரிடம் போனேன். பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"கூட்டாளின்னா என்ன உறவும்மா?"

"படிவத்துல அதுக்குப் பேர் இல்ல சார். ஆனா செத்தவர் கூட இருந்தது அவர்தான்."

"சரி, திருத்தம்னா ராஜமணிக்குக் கார்டு கிடையாது. அவருக்குத் தெரியுமா?"

"அவர்தான் சார் போடச் சொல்றார். தப்பு அவர்து இல்ல. அவர் சரியாத்தான் அனுப்பினார். நான் விசாரிக்காம வெட்டினேன்."

"ஏன் வெட்டினே?"

"அவர் எழுதினதால."

அவருக்குப் புரியவில்லை. அப்போதுதான் நீங்கள் என் மாமா என்பதைச் சொன்னேன். சிறுவயதிலிருந்து உங்கள் கதைகளைக் கேட்டு வளர்ந்ததால், எழுதியவரைப் பார்த்து வெட்டினேன், எழுதியதைப் பார்த்து இல்லை என்றேன். கண்ணாடிக்குக் கீழே இருந்த விண்ணப்பத்தை எடுத்து ஒரு முறை பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

முடிவு இது. திருத்தம் வரும். நாளைக்கே போட்டிருப்பார்கள், ஏப்ரல் ஒன்றாம் தேதி என்பதால் ஒரு நாள் தள்ளினார். யாரும் விளையாட்டு என்று நினைக்கக் கூடாதாம். நீங்கள் என் மாமா என்பதை மறைத்ததற்கும் விசாரிக்காமல் வெட்டியதற்கும் பக்கம் என்னிடமிருந்து போகிறது. லிஜோ பார்ப்பான். நான் மறுபடி தேங்காய், ரப்பர். பிழை மேஜையில் நடந்தது, நிருபரிடம் இல்லை என்பதால் அந்த விதி உங்களுக்குப் பொருந்தாது என்று சார் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கம் என்னிடம் இல்லாததால் உறவு என்ற தடையும் இல்லை. அட்டை தபாலில் வருகிறது.

நீங்கள் ஏதாவது பெரிய வசனம் எழுதுவீர்கள் என்று தெரியும். வேண்டாம். தேங்காய் விலை எனக்கு நன்றாக வரும்.

ரெனி


கரமனை
7 ஏப்ரல் 2025

அன்பு மக்களே,

பெரிய வசனம் ஒன்று தயாராகத்தான் இருந்தது. உன் பக்கத்தை இழந்து எனக்கு வந்த அட்டை எனக்குத் தீக்கங்கு, இதைத் திருப்பி அனுப்புகிறேன் என்று ஐந்து தாள் எழுதி, உறையில் போட்டு, பசையும் தடவினேன். மாமி உறையைப் பிடுங்கினாள். "அவ பக்கம் போனது உமக்காட்டு இல்ல. அவ வெட்டினதுக்கு அவ வாங்கிக்கிட்டா. இதுல நீரு எதுக்கு வேய் தியாகி வேஷம் கெட்டுதீரு?" என்றாள். அட்டை இப்போது சட்டைப் பையில் இருக்கிறது. படத்தில் நான் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன்போல் இருக்கிறேன்.

இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு டீக்கடைக்குப் போனேன். சுவாமிதாஸ் இருந்தார். வாசித்தேன்.

"விடுபட்ட பெயர். மார்ச் 17 அன்று வெளியான பிச்சைக்கனி (68) மறைவுச் செய்தியில், உற்றார் வரிசையில் சுவாமிதாஸ் (31 ஆண்டுக் கூட்டாளி) பெயர் விடுபட்டது. தவறு ஆசிரியர் குழுவினுடையது."

"இன்னொருக்கா வாசியும்."

வாசித்தேன். டீக்கடைக்காரர் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். மூன்றாம் முறை அவருக்காக வாசித்தேன். சுவாமிதாஸ் பத்திரிகையை வாங்கி, எந்த இடம் என்று கேட்டு, பெயரின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார். டீ ஆறிவிட்டது. பிறகு ஒன்று கேட்டார்.

"நான் போயிட்டா யாரு எழுதுவா?"

"நான்தான். கார்டு வருதே."

"அப்ப எனக்க பேருக்குக் கீழ யாரு பேரப் போடுவீரு?"

கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. ஊரில் ஒரு தங்கை இருந்து, போய்விட்டாள். இருந்த ஒருவர் பெயரைத்தான் இப்போது வாசித்து முடித்தோம். என் வாழ்நாளில் வாய்க்குச் சொல் வராமல் நான் நின்றது அந்த ஒரு நிமிடம்தான். அதையும் அரை நாள் என்று எழுதலாம். ஒரு நிமிடம்தான்.

"எனக்க பேரப் போட்டுக்கிடுதேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உம்மள யாரு நம்புவா?"

டீக்கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பேரு போடணும்னா வண்டிக்கு முன்னால வாரும்" என்றார். "சும்மா எழுத நான் சம்மதிக்க மாட்டேன்."

சுவரோரம் சாய்ந்து கிடந்த வண்டியை இறக்கினார். ஆரியசாலைக்குப் போக வேண்டிய ஆறு சாக்கு புளி ஒரு வாரமாகக் காத்திருந்தது. ஏற்றினோம். நான் முன்னால் போய் நின்று நுகத்தடியைப் பிடித்தேன். அறுபது வயது, தொந்தி, ரத்தக்கொதிப்பு மாத்திரை. பின்னாலிருந்து அவர், "இழும் வேய், முதுகக் குனியும், எனக்கு வழி தெரியல" என்று சத்தம் போட்டார். இழுத்தேன்.

மக்களே, அது எவ்வளவு தூரம் என்று நீ கேட்பாய். டீக்கடையில் வந்து விசாரிக்கவும் செய்வாய், செய். கயிற்றுக்கடை வாசலில் இருந்து பாத்திரக்கடைத் திருப்பம் வரை. பிறகு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன், வேறு இரண்டு பேர் வந்து வண்டியைப் பிடித்தார்கள். மறுநாளும் வரச் சொன்னார். போனபோது அளந்து பார்த்தேன். நாற்பது அடி. நானூறு என்று எழுதக் கை துடிக்கிறது.

நாற்பதுதான்.

உன் மாமா
ராஜமணி